மறு: டார்க் தீம் – 'இருண்ட கருப்பொருள்' வேண்டாமே

அனைவருக்கும் வணக்கம். செயலியின் திரையை இருண்ட பின்னணியில் காட்டும் 'டார்க் தீம்' என்பதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்ற நம் விவாதத்துக்கு என் பதில் இது.

> தீம் என்பதற்குக் 'கருப்பொருள்' ஏற்கெனவே புழங்குகிறது. 'இருண்ட கருப்பொருள்' என்று போட்டு முடித்துவிடலாமே?

முடிக்க மனம் வரவில்லை, ஐயா. சனிக்கிழமைகளில் மொரீஷியஸின் ரோஸ் ஹில்லில் ஏழெட்டுப் பிள்ளைகளுக்கு நிரல் எழுதச் சொல்லித் தருகிறேன். வீட்டில் கிரியோல் பேசுகிறவர்கள்; தமிழ் அவர்களுக்குப் பள்ளிப் பாடம். 'இருண்ட கருப்பொருள்' என்று பலகையில் எழுதியதும் ஒருத்தி கிரியோலில் கேட்டாள்: "ரெண்டு தடவை கருப்பா, மிஸ்?" கரு வேறு, கருப்பு வேறு என்று தொடங்கி, முதல், கரு, உரி என்ற மூவகைப் பொருள் என்று தொல்காப்பியம் வரை போய்விட்டேன். அன்றைக்கு எடிட்டரைத் திறக்கவே இல்லை.

'இருண்ட' என்பதிலும் எனக்கு உறுத்தல். விளக்கு அணைந்து இருண்ட வீடு, கண் இருண்டது... ஏதோ கெட்டுப்போன மாதிரி. (பிரெஞ்சு இடைமுகத்தில் 'சோம்ப்ர்' என்று வரும். தமிழ்க் காதுக்கு அது சோம்பல். என் வகுப்பில் 'சோம்பல் தீம்' என்றே பெயர் நிலைத்துவிட்டது.)

> 'கார்வண்ணம்'? அல்லது 'இரவுத்தோற்றம்'?

கார்வண்ணம் அழகுதான். ஆனால் பிள்ளைகளுக்குக் கார் என்றால் நான்கு சக்கரம். இரவு என்றால் வேறு வசதியோடு குழம்பும். திரையின் நீலத்தைக் குறைத்து மஞ்சள் கூட்டுவதற்குத்தான் அந்தப் பெயர் பொருந்தும்.

என் முன்மொழிவு: இருள்கோலம், ஒளிக்கோலம். மணக்கோலம் பூண்டாலும் ஆள் மாறுவதில்லை. அப்படித்தான் இங்கும்: நிரலில் ஓர் எழுத்துகூட மாறாது, உடுப்பு மட்டும் மாறும். நிரல் எழுதும் எடிட்டரான விஎஸ் கோடில் கண்ட்ரோலை அழுத்தியபடி கே (K), பிறகு டி (T) தட்டினால் கோலங்களின் பட்டியல் வரும்; அம்புக்குறியை நகர்த்த நகர்த்தத் திரை உடை மாற்றிக்கொண்டே இருக்கும். 'கருங்கோலம்' என்னாததற்குக் காரணம், பல கோலங்களின் பின்னணி கருப்பே இல்லை. சோலரைஸ்டு டார்க் என்ற கோலத்தில் அது ஆழ்ந்த நீலப்பச்சை.

> இலக்கணப்படி 'இருட்கோலம்' அல்லவா? தவிர, கோலம் என்றால் 'அலங்கோலம்' நினைவுக்கு வராதா?

புணர்ச்சி சரிதான். ஆனால் 'மக்கட்டொகை' என்று இன்று யார் எழுதுகிறார்கள்? மக்கள்தொகை என்றே எழுதுகிறோம். 'இருள்' என்று தேடுகிற பிள்ளைக்கு 'இருட்' கிடைக்காது. அலங்கோலத்தைப் பொறுத்தவரை, சரியாக அமைக்காவிட்டால் அந்தப் பெயரும் பொருத்தமே!

உதாரணத்துக்கு, அதே சோலரைஸ்டில் குறிப்புரைகளின் (நிரலுக்கிடையே எழுதும் விளக்கங்களின்) சாம்பல் நிறம் பின்னணியோடு ஏறக்குறைய 2.8க்கு 1 என்ற ஒளி வேறுபாட்டில்தான் நிற்கிறது. சாதாரண எழுத்துக்கு இணைய அணுகல் நெறிகள் கேட்பது 4.5. வகுப்பில் கடைசி வரிசைப் பையன் "குறிப்புரையே இல்லையே, மிஸ்" என்றான். அமைப்புக் கோப்பில் டோக்கன் (நிரலின் சிறு கூறு) நிறத் திருத்தப் பகுதியைத் திறந்து, அந்தக் கோலத்தின் பெயரைச் சதுர அடைப்புக்குள் இட்டு, குறிப்புரைக்கு மட்டும் 93a1a1 என்ற குறியீடுள்ள நிறத்தைக் கொடுத்தோம். வேறுபாடு 5.6 ஆயிற்று. மற்ற கோலங்கள் தொடப்படவில்லை. இதைக் 'கோலத் திருத்தம்' என்று சொன்னபோது யாரும் விளக்கம் கேட்கவில்லை. எனக்கு அதுவே போதுமான சான்று.

இன்னும் ஒன்று பாக்கி. எழுத்தும் பின்னணியும் பளிச்சென்று வேறுபடும் 'ஹை கான்ட்ராஸ்ட் தீம்' இதே பட்டியலில்தான் இருக்கிறது. 'மிகைவேறுபாட்டுக் கோலம்' என்று எழுதிப் பார்த்தேன், பொத்தானில் அடங்கவில்லை. சுருக்கமாக யாரிடமாவது இருக்கிறதா?