ரிக் வண்டிக்கு உறுதியான பெல் ஹவுசிங்: எங்கள் வீட்டு வாட்ஸ்அப் குழுவில்

எங்களுடையது ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் லாரி. எஞ்சினுக்கும் கியர் பாக்ஸுக்கும் நடுவில் கிளட்சை மூடி, இரண்டையும் இணைக்கும் மணி வடிவக் கூடுதான் பெல் ஹவுசிங். அதில் கீறல் விட்டபோது குழுவில் பேசிக்கொண்டது இது.

செவ்வாய்

டிரைவர் அண்ணன், காலை 7:42
கியர் பாக்ஸ் இறக்கியாச்சு தம்பி. படம் போட்டிருக்கிறேன், பாருங்கள். ஸ்டார்ட்டர் மோட்டார் உட்காரும் வாயிலிருந்து மேல் போல்ட் ஓட்டை வரைக்கும் கீறல். நகம் வைத்தால் உள்ளே போகிறது.

டிரைவர் அண்ணன், 7:43
போன மழைக்கு ஷெட்டுக்கு வந்தபோதும் இதே இடத்தில்தான் விட்டிருந்தது. இந்த ஹவுசிங் போட்டு பதினோரு மாசம்தான் ஆகிறது.

பெரியப்பா, 7:50
அலுமினியம்தானே? ஆர்கான் வெல்டிங் வைத்து ஓட்டிவிடலாம். சத்தீஸ்கரில் துளை போட வேண்டிய பாயிண்ட் காத்துக்கொண்டிருக்கிறது.

லேத் மாமா, 8:05
மச்சான், வெல்டிங் வேண்டாம். பற்று பிடித்துவிடும், ஆனால் அந்தச் சூட்டில் ஹவுசிங் இழுத்துக்கொள்ளும். கியர் பாக்ஸ் உட்காரும் துளை ஒரு நூல் நகர்ந்தாலும் கியர் பாக்ஸின் இன்புட் ஷாஃப்ட் எஞ்சினின் கிராங்க் ஷாஃப்டுக்கு நேராக நிற்காது. கிளட்ச் பிளேட்டின் ஸ்ப்ளைன் பற்கள் தேயும், ஷாஃப்ட் நுனியைத் தாங்கும் பைலட் பேரிங் போகும். அப்புறம் மறுபடி எல்லாவற்றையும் இறக்க வேண்டும்.

அம்மா, 8:11
காட்டு வழியில் பாதியில் உடைந்தால் பிள்ளைகள் என்ன செய்வார்கள்? நல்லதாகவே போடுங்கள்.

நான், 8:30
நல்லதாகவே போடுவோம் அம்மா. எனக்கு இந்த முறை வார்ப்பிரும்புதான் சரி என்று படுகிறது. இது லோடு இறக்கிவிட்டுச் சும்மா திரும்புகிற லாரி இல்லை. ரிக்கின் எடை எப்போதும் தலைமேல் இருக்கிறது. நின்ற இடத்தில் எஞ்சின் விசையைப் பம்புக்கு எடுத்துக் கொடுக்கும் பி.டி.ஓ. போட்டு ஹைட்ராலிக் பம்ப் மணிக்கணக்கில் ஓடுகிறது. அந்த அதிர்வு முழுக்க ஹவுசிங் வழியாகத்தான் போகிறது.

அக்கா, 8:34
எடை கூடுமே?

நான், 8:36
அதே அச்சில் வார்த்தால் இரண்டரை மடங்குக்கு மேல் வரும் அக்கா. ரிக் வண்டிக்கு அது ஒரு கணக்கே இல்லை.

லேத் மாமா, 8:52
இரும்பு என்றால் எந்த இரும்பு என்று கேட்க வேண்டும் மாப்பிள்ளை. சாதாரண வார்ப்பில் கிராஃபைட் செதில் செதிலாக இருக்கும், கீறல் அதன் வழியே ஓடும். எஸ்.ஜி. (உருண்டை கிராஃபைட்) இரும்பில் மெக்னீசியம் சேர்ப்பதால் கிராஃபைட் உருண்டையாகிவிடும். 500/7 கிரேடு என்றால் இழுவிசை குறைந்தது 500 மெகாபாஸ்கல், உடைவதற்கு முன் 7 சதவீதமாவது நீளும். அதைத்தான் தேட வேண்டும்.

டிரைவர் அண்ணன், 9:15
பழைய சாமான் கடையில் எப்படி அடையாளம் தெரியும் மாமா?

லேத் மாமா, 9:18
கயிற்றில் தொங்கவிட்டுச் சின்னச் சுத்தியலால் தட்டுங்கள். எஸ்.ஜி. என்றால் மணி மாதிரி நீண்டு ஒலிக்கும், சாதாரண வார்ப்பு மொத்தென்று அடங்கிவிடும். உள்ளே கீறல் இருந்தாலும் ஒலி செத்துப்போகும். சந்தேகம் என்றால் என்னிடம் கொண்டுவாருங்கள், ஓரத்தில் ஒரு துளை போட்டுப் பார்க்கிறேன். துருவல் பொடியாக உதிர்ந்தால் வேண்டாம். சுருளாக வந்தால் எடுத்துக்கொள்ளலாம்.

நான், 9:40
அண்ணா, கடைக்குப் போகும்போது இந்த அளவுகளைக் கையில் வைத்திருங்கள். நம் எஞ்சின் பக்கம் எஸ்.ஏ.இ. 2 என்ற தர அளவு. உள்வட்டம் 447.7 மி.மீ., போல்ட் வட்டம் 466.7 மி.மீ., 12 போல்ட். எஸ்.ஏ.இ. 1-க்கும் 12 போல்ட்தான், எண்ணி மட்டும் வாங்கிவிடாதீர்கள். அதன் உள்வட்டம் 511.2. முக்கியமாக ஆழம்: எஞ்சின் முகத்திலிருந்து கியர் பாக்ஸ் முகம் வரை பழையதில் எவ்வளவோ அதே அளவு வேண்டும். கூடினால் ஷாஃப்ட் நுனி பைலட் பேரிங்கை எட்டாது, குறைந்தால் முட்டும். கிளட்ச் ஃபோர்க் ஷாஃப்ட் சுழலும் புஷ், ஸ்டார்ட்டர் வாய் இரண்டும் அதே இடத்தில்தானா என்றும் பாருங்கள்.

பெரியப்பா, 10:02
சரி. ஆனால் இரண்டு ஹவுசிங் ஒரே இடத்தில் விட்டிருக்கிறது. மூன்றாவது விடாது என்று யார் சொன்னது?

இதுதான் சரியான கேள்வி. நான் உடனே ஷெட்டுக்குக் கிளம்பிவிட்டேன்.

நான், பகல் 12:20
பெரியப்பா, காரணம் கிடைத்துவிட்டது. கியர் பாக்ஸின் பின்பக்கத் தாங்கி பிராக்கெட்டே இல்லை! கடைசியாக கிளட்ச் வேலை பார்த்த பட்டறையில் கழற்றியவர்கள் திரும்பப் போடவில்லை போலிருக்கிறது. கியர் பாக்ஸ், பி.டி.ஓ., பம்ப் மூன்றும் அந்த அலுமினியத்தைப் பிடித்துத்தான் தொங்கியிருக்கின்றன. மேல் போல்ட்டுகளைச் சுற்றிக் கருஞ்சாம்பல் நிறத்தில் பொடி அப்பியிருக்கிறது. இரண்டு முகமும் ஒன்றோடொன்று உரசியே அது வந்திருக்கிறது.

லேத் மாமா, 12:31
இரும்பே போட்டாலும் தாங்கி இல்லாவிட்டால், அது மாட்டியிருக்கும் எஞ்சின் பக்கத்து ஃப்ளைவீல் ஹவுசிங் விட்டுவிடும். அது மையத்தில் நிற்கிறதா என்று, ஃப்ளைவீலில் மேக்னட் வைத்து டயல் கேஜ் போட்டுப் பாருங்கள்.

நான், 1:10
கையால் எஞ்சினைச் சுற்றிப் பார்த்தோம் மாமா. ஃப்ளைவீல் ஹவுசிங் உள்வட்டத்தில் ஒரு முழுச் சுற்றுக்கு 0.35 மி.மீ. காட்டுகிறது.

லேத் மாமா, 1:12
0.20 மி.மீ.க்கு மேல் விடக்கூடாது. டயலில் இருபது கோடு. ஹவுசிங்கை இடம் நகராமல் நிறுத்தும் டவல் பின் இருக்கிறதா பாருங்கள்.

நான், 1:25
ஒன்றுதான் இருக்கிறது. இன்னொரு ஓட்டை வெறுமையாக இருக்கிறது.

வியாழன்

டிரைவர் அண்ணன், மாலை 4:50
சங்ககிரியில் கிடைத்துவிட்டது. இதே கியர் பாக்ஸுக்கு டிப்பரில் வரும் எஸ்.ஜி. ஹவுசிங். தட்டினேன், நன்றாகப் பாடுகிறது. ஆழம் பழையதோடு சரியாக இருக்கிறது.

அக்கா, 4:58
விலை?

டிரைவர் அண்ணன், 5:01
புது அலுமினியத்தைப் போல ஒன்றரை மடங்கு கேட்கிறார்.

பெரியப்பா, 5:03
எடுங்கள்.

சனி

நான், இரவு 8:15
மாமா லேத்தில் கட்டி இரண்டு முகத்தையும் உள்வட்டத்தையும் பார்த்துக் கொடுத்துவிட்டார். டவல் பின் இரண்டும் புதிது. ஃப்ளைவீல் ஹவுசிங் இப்போது 0.12. பின் பிராக்கெட்டும் அதன் தாங்கு ரப்பரும் போட்டாச்சு. ஹவுசிங் போல்ட் முழுவதும் முடிந்த பிறகே ரப்பரை முடுக்கினோம். போல்ட் தளர்ந்தால் தெரியும்படி ஒவ்வொரு போல்ட் தலையிலும் மஞ்சள் பெயிண்ட்டில் கோடு போட்டிருக்கிறேன். அண்ணா, வழியில் நிற்கிற இடத்தில் டார்ச் அடித்து ஒருமுறை பாருங்கள்.

புதன்

டிரைவர் அண்ணன், காலை 6:05
நாக்பூர் வந்தாச்சு. 12 போல்ட்டையும் பார்த்தேன். கோடு ஒன்றுகூட நகரவில்லை, பொடியும் இல்லை. டீ குடித்துவிட்டுக் கிளம்புகிறோம்.

அம்மா, 6:07
சாப்பிட்டுவிட்டுப் போங்கள் கண்ணு.