புதுப்பிப்பு: மகனுக்கு ‘அதியன்’ என்றே பெயர் வைத்துவிட்டோம்

முன்பு கேட்டது இதுதான்: பெங்களூரில் வளரப்போகும் பையனுக்கு ‘அதியன்’ என்று வைத்தால் பள்ளியில் சிரமப்படுவானா? பலரும் ‘ஆதித்யா’ போதும் என்றீர்கள். அக்கறையோடு எழுதிய எல்லோருக்கும் நன்றி. ஆனால் எங்கள் ஊர் தருமபுரி. அன்றைய தகடூர் அது. ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்த அதியமான் ஆண்ட மண்; அவன் பெயரைப் பிள்ளை சுமக்க வேண்டும் என்ற ஆசை என்னை விடவில்லை.

மாமியாருக்குத் தம் மாமனார் பெயரான முனியப்பன்தான் வேண்டும். பெயர் சூட்டும் நாளில் அதை அவரே குழந்தையின் காதில் மூன்று முறை சொன்னார். வீட்டில் அவனுக்கு அதுவும் பெயர்தான்; மனநிறைவாக இருக்கிறது.

நான் அதிகம் யோசித்தது எழுத்தைப் பற்றி. நமக்கு ஒரே ‘த’. கன்னடத்தில் அந்த இடத்துக்கு நான்கு எழுத்துகள். வல்லொலி எழுத்தைப் போட்டால் பெயரின் ஓசையே மாறிவிடும். அதனால் ‘தம்பி’யில் வரும் ஒலி வேண்டாம், ‘பந்து’வில் வரும் மெல்லிய ஒலிதான் வேண்டும் என்று பிறப்பைப் பதியும்போது கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் தாளில் எழுதிக் கொடுத்தோம்.

பெயர் முடிவாகாதவர்கள் பதற வேண்டாம். பிறப்பை 21 நாட்களுக்குள் தெரிவித்துவிடுங்கள். பெயரில்லாமலே பதிவு செய்யலாம். ஓராண்டுக்குள் பெயரைச் சேர்க்கக் கட்டணமில்லை. ஆனால் சேர்த்த பிறகு மாற்றுவது கடினம், எழுத்துகளை முதலிலேயே சரிபாருங்கள்.

பக்கத்து வீட்டுக் கன்னடப் பாட்டி இப்போதே ‘அதியா’ என்று அழகாகக் கூப்பிடுகிறார்.