ஒரு தளத்தில் அமையாத இரு கோடுகள் லிங்கேஜ் வழியாக முழுவெட்டை அடையுமா?

கேள்வி (தங்கச்சிமடம்)

நான்கு மாறிகள் க, ச, த, ப கொண்ட பல்லுறுப்புக்கோவை வளையத்தில், சமபடித்தான ஐடியல்களின் (ஒவ்வொன்றிலும் எல்லா உறுப்புகளும் ஒரே படியில் உள்ள கோவைகளால் பிறக்கும் ஐடியல்களின்) லிங்கேஜை நானாகவே படித்து வருகிறேன். லிங்கேஜ் என்றால் இணைப்பு: ஒரு வளைவரையைக் கொண்ட இரு பரப்புகளின் வெட்டை எடுத்து, அதிலிருந்து அவ்வளைவரையை நீக்கி, மிஞ்சுவதற்கு மாறுவது. வளைவரையின் ஐடியலை இரண்டே சமன்பாடுகள் பிறப்பித்தால் அது முழுவெட்டு. முறுக்கிய முப்படி வளைவரை எளிதாக வந்துவிட்டது: கத − ச², கப − சத ஆகிய இரண்டும் வெட்டுவது நான்காம் படி வளைவரை; அதிலிருந்து முப்படி வளைவரையை நீக்கினால் (க, ச) என்ற கோடு, அதாவது க = ச = 0 என்ற முழுவெட்டு, மிஞ்சுகிறது. ஆனால் (க, ச), (த, ப) என்ற இரு கோடுகளையும் சேர்த்து எடுத்துக்கொண்டு, கத, சப ஆகியவற்றால் இணைத்தபோது (க, ப), (ச, த) என்று மறுபடியும் ஒரு தளத்தில் அமையாத இரு கோடுகளே கிடைத்தன. வேறு படிகளில் இணைத்துக்கொண்டே போனால் என்றாவது முழுவெட்டு கிடைக்குமா?

பதில் 1 (மண்டபம்)

கிடைக்காது. ஓர் ஐடியலின் ஈவு வளையம் கோஹன்–மெக்காலே (அதாவது அதன் ஆழம் பரிமாணத்துக்குச் சமம்; ஆழம் என்பது, முந்தியவற்றால் வகுத்த பின்னும் பூச்சிய வகுத்தியாகாதபடி அடுத்தடுத்து எடுக்கக்கூடிய சமபடித்தான, நேர்ப்படி உறுப்புகளின் உச்ச எண்ணிக்கை) என்றால் அதனோடு இணைந்த ஐடியலின் ஈவு வளையமும் அப்படியே இருக்கும் என்பதைப் பெஸ்கினும் ஸ்பிரோவும் 1974இல் நிறுவினார்கள். முழுவெட்டு எப்போதும் கோஹன்–மெக்காலே; உங்கள் இரு கோடுகள் அப்படியில்லை. ஒரு கோட்டில் 1, மற்றதில் 0 என்ற மதிப்புச் சோடியை எந்தப் பல்லுறுப்புக்கோவையாலும் தர முடியாது. பூச்சியப் படியில் வரும் இந்த ஒற்றைக் குறையே அவ்வளையத்தின் பரிமாணம் 2 ஆக இருந்தும் ஆழம் 1 ஆக நின்றுவிடக் காரணம். நம் பெண்கடலை (பாக் விரிகுடாவை) போலத்தான், பரப்பு உண்டு, ஆழம் போதாது.

பதில் 2 (கீழக்கரை)

மேலே சொன்னது சரியே. ஆனால் அது ‘முடியாது’ என்பதோடு நின்றுவிடுகிறது. வேறு என்னவாக மாற முடியும் என்பதுதான் சுவையான பகுதி. அந்தக் குறையையே ஒரு மாட்யூலாக (வளையத்தின் உறுப்புகளால் பெருக்கக்கூடிய திசையன் வெளி போன்ற ஒன்றாக) எடுத்துக்கொண்டால், ஒவ்வொரு இணைப்பிலும் அது தன் இருமமாக (dual, அதன் மேலான நேரியல் சார்புகளின் மாட்யூலாக) மாறிப் படியில் மட்டும் நகர்கிறது, அழிவதில்லை. இயற்கணித மூடிய புலத்தின் மேல், இரட்டைப்படை முறை இணைத்து ஒன்றிலிருந்து மற்றொன்றை அடையக்கூடிய வளைவரைகளை இந்த மாட்யூலே, நகர்வைப் பொருட்படுத்தாமல், முற்றாகப் பிரித்துக்காட்டுகிறது என்று ராவ் 1979இல் காட்டினார். படிகளைக் கணக்கில் வைப்பதற்குச் சமபடித்தன்மை இங்கேதான் உதவுகிறது.

இரண்டு இருபடிகளால் இணைத்தால் குறை பூச்சியப் படியிலேயே நிற்கும். ஆகவேதான் நீங்கள் புறப்பட்ட இடத்துக்கே திரும்பினீர்கள். ஓர் இருபடியும் ஒரு முப்படியும் எடுத்துப் பாருங்கள்: வெட்டின் மொத்தப் படி 6, அதில் இரு கோடுகளின் 2 போக 4.

கேட்டவர்

முப்படியைப் பொதுவாகத் தேர்ந்தெடுத்தால் அந்த நான்காம் படி வளைவரை, (உ⁴, உ³வ, உவ³, வ⁴) என்று அளவுருவில் எழுதப்படும் வகையைச் சேர்ந்தது என்று புரிந்துகொள்கிறேன். அப்படியானால் உ²வ² விட்டுப்போவதுதான் முதல் படிக்கு நகர்ந்த அந்தக் குறையா?

பதில் 2 (கீழக்கரை)

அதுவேதான். க, ச, த, ப ஆகியவற்றின் எந்த ஒருபடிக் கோவையாலும் அதைப் பெற முடியாது.