வேங்கை மர உத்தரம் 6×4 அங்குலம் போதும். தூணின் காலை எப்படிப் பிடிப்பது?

ராமேஸ்வரத்துக்கு முன்னால் இருக்கும் மண்டபம் ஊர்ப் பக்கம், கடலிலிருந்து 300 மீட்டரில் மங்களூர் ஓட்டு வீடு. இற்றுப்போன முன்சுவரை எடுத்துவிட்டு வேங்கைத் தூணும் உத்தரமும் கொடுக்கிறோம். தூண் இடைவெளி 8 அடி, கூரைச் சாய்வு 30 டிகிரி. உத்தரத்துக்கு வருவது இறவாரத்தோடு சேர்த்து 7 அடி அகலக் கூரை.

ஓடும் அதைத் தாங்கும் ரீப்பர் சட்டமும் சதுர மீட்டருக்கு 65 கிலோ, கைமரம் 15, ஆள் ஏறும் பாரம் 40. சாய்வையும் கணக்கில் எடுத்தால் உத்தரத்தின் ஒரு மீட்டர் நீளத்துக்குச் சுமார் 280 கிலோ வருகிறது. 6×4 அங்குலத்தை, 6 அங்குலம் உயரமாக வரும்படி நிறுத்தி வைத்தால் வளைவுத் தகைவு (வளையும்போது மரத்துக்குள் வரும் அழுத்தம்) சதுர செ.மீ.க்கு 54 கிலோதான். தாராளம். கைமரம் நன்றாக உட்காரும் என்று ஆசாரி படுக்க வைக்கச் சொல்கிறார். அப்படி வைத்தால் தகைவு 81 ஆகும், விறைப்பு பாதிக்கும் கீழே போய் நடுவில் தொய்யும். அதற்கு நான் சம்மதிக்கவில்லை.

என் கவலை மேல்நோக்கி இழுக்கும் புயல்காற்று. 4×4 தூணைக் கான்கிரீட்டில் புதைத்தால் கால் உளுக்கும், கரையான் ஏறும். கருங்கல் பீடத்தில் இரும்புக் கம்பி நட்டால் உப்பில் துருப்பிடித்துக் கல்லையே பிளக்கும். 316 ரக எவர்சில்வர் கம்பி 12 மி.மீ. போதுமா? கல்லுக்குள் எத்தனை அங்குலம் இறங்க வேண்டும்? உத்தரத்தோடு தூணையும் கைமரத்தையும் எதால் கட்டுவது? ராமேஸ்வரம், பாம்பன் பக்கம் படகு கட்டும் ஆசாரிகள் யாராவது இருந்தால் அவசியம் சொல்லுங்கள்.