அறுபதாம் கல்யாணத்துக்கு முன் டைமிங் பெல்ட்

குழு: தோட்டத்து வீடு

சனிக்கிழமை

கார்த்தி, காலை 7:10
திருக்கடையூருக்கு இன்னும் 12 நாள்தான். நம் டஸ்டர் காரை நேற்று சர்வீஸுக்கு விட்டேன். 96,400 கி.மீ. ஆகிவிட்டது, 2015 வண்டி. டைமிங் பெல்ட் இதுவரை மாற்றவே இல்லை. இப்போதே மாற்றுங்கள் என்கிறார் மெக்கானிக்.

கார்த்தி, காலை 7:12
பெல்ட் மட்டும் என்றால் லேபரோடு 8,500. எல்லாம் சேர்த்து என்றால் 20,150. எதை மாற்றுவது, எதை விடுவது என்று இன்று மாலைக்குள் சொல்ல வேண்டும்.

அம்மா, காலை 7:15
20 ஆயிரமா

அப்பா, காலை 7:16
வண்டி நன்றாகத்தானே ஓடுகிறது. விசேஷம் முடிந்து பார்க்கலாம்.

பிரியா அக்கா, காலை 7:20
அப்பா, உங்கள் கல்யாணத்துக்கு நீங்களே லேட்டாகப் போகப் போகிறீர்களா?

வசந்தி அத்தை, காலை 7:24
புடவை எடுத்தாச்சா அண்ணி? மாம்பழ மஞ்சள் சொன்னேனே

அம்மா, காலை 7:25
எடுத்தாச்சு. போட்டோ மத்தியானம் போடுகிறேன்

சுந்தரம் மாமா, காலை 7:41
கார்த்தி, நான் சொல்கிறேன், பொறுமையாகப் படி. டைமிங் பெல்ட் பழசானால் சத்தம் கொடுக்காது, இழுவை குறையாது. அறுகிற நிமிடம் வரை வண்டி நன்றாகத்தான் ஓடும். அதனால் மச்சான் சொல்வதை வைத்து முடிவு எடுக்காதே. கீழே கிராங்க், அதாவது பிஸ்டன் சுற்றுகிற தண்டு, இரண்டு சுற்று சுற்றினால், மேலே கேம், அதாவது வால்வைத் திறக்கிற தண்டு, ஒரு சுற்று. அந்தக் கணக்கைப் பிடித்து வைத்திருப்பது இந்தப் பல் வைத்த ரப்பர் பெல்ட்தான். அறுந்தால் கேம் நின்றுவிடும், பிஸ்டன் மேலே வந்து, திறந்து நிற்கிற வால்வில் இடிக்கும். வால்வு வளையும். அப்புறம் இன்ஜினின் மேல் பாகமான ஹெட்டையே கழற்ற வேண்டும். அந்தச் செலவுக்கு முன்னால் 20 ஆயிரம் ஒன்றுமே இல்லை. ரப்பருக்குக் கிலோமீட்டர் மட்டும் கணக்கில்லை, வயதும் கணக்கு. பத்து வருடம் ஆகிவிட்டது. நம் ஊர் வெயில் வேறு.

கார்த்தி, காலை 7:43
சரி மாமா. பெல்ட் மாற்றுவது உறுதி. கூட என்ன என்பதுதான் கேள்வி.

கார்த்தி, காலை 7:44
அவர் எழுதிக் கொடுத்தது: பெல்ட்டும், அதை இறுக்கிப் பிடிக்கிற டென்ஷனரும் சேர்ந்த கிட் 6,500. வாட்டர் பம்ப் 3,200. ஆயில் சீல் இரண்டு 1,100. ஃபேன் பெல்ட் 2,400. கிராங்க் போல்ட் 250. கூலன்ட் 1,200. லேபர் 5,500.

பாலு அண்ணன், காலை 7:50
வாட்டர் பம்ப் ஒழுகுகிறதா?

கார்த்தி, காலை 7:50
இல்லை

பாலு அண்ணன், காலை 7:51
அப்புறம் எதற்கு? இந்த மெக்கானிக்குகள் எல்லோரும் இப்படித்தான்

சுந்தரம் மாமா, காலை 7:58
பாலு, இந்த இன்ஜினில் வாட்டர் பம்பைச் சுற்றுவதே டைமிங் பெல்ட்தான். டீசல் பம்பையும் அதுதான் சுற்றுகிறது. ஒரு வருடம் கழித்துப் பம்ப் ஒழுகினால் இன்ஜினைத் தாங்குகிற மவுண்ட் கழற்றி, இன்ஜினை ஜாக்கியில் தாங்கி, கவர் பிரித்து, மறுபடி முதலிலிருந்து அதே வேலை. அதே 5,500 லேபர். ஒழுகிய கூலன்ட் பட்டால் பெல்ட்டும் கெடும். பம்ப் பேரிங் இறுகினால் பெல்ட்டே போய்விடும். 3,200-ஐ மிச்சம் பிடிக்கப் போய் எத்தனை ஆயிரம் போகும் என்று கூட்டிப் பார்.

பாலு அண்ணன், காலை 8:02
மாமா, நீங்கள் டிப்போவில் பார்த்தது பஸ். இது கார்

சுந்தரம் மாமா, காலை 8:03
31 வருடம் பார்த்தேன். நான் பார்த்த பஸ் இன்ஜினில் பெல்ட் இல்லை, பல்சக்கரம். அதனால்தான் இதை உட்கார்ந்து தனியாகப் படித்தேன். நீ படித்தாயா?

வசந்தி அத்தை, காலை 8:04
ராத்திரி ஒரு மணி வரை வீடியோ பார்த்தார். உண்மை

பிரியா அக்கா, காலை 8:06
வாட்டர் பம்ப் மாற்றுங்கள். என் ஓட்டு

அம்மா, காலை 8:10
புளியோதரை 40 பேருக்கா 50 பேருக்கா? ஐயர் சாமான் லிஸ்ட் வந்துவிட்டது

பிரியா அக்கா, காலை 8:11
50

வசந்தி அத்தை, காலை 8:11
அங்கேயே சாப்பாடு சொல்லியிருக்கிறோமே அண்ணி

அம்மா, காலை 8:12
வழிக்கு. கரூர் தாண்டினால் குழந்தைகள் பசி என்பார்கள்

கார்த்தி, காலை 8:20
ஆயில் சீல் சொல்லுங்கள். மெக்கானிக் கவர் திறந்து பார்த்தார், ஈரம் இல்லை என்கிறார்.

பாலு அண்ணன், காலை 8:21
ஈரம் இல்லை என்றால் தொட வேண்டாம். நல்ல சீலைப் பிடுங்கிப் புதுசை அடிக்கும்போது கோணலாகப் போனால் அதுதான் ஒழுகும்

சுந்தரம் மாமா, காலை 8:27
இதில் பாலு சொல்வது சரி. பெல்ட்டுக்கு எண்ணெய் ஆகாது, அதனால் சீல் முக்கியம். ஆனால் கேம், கிராங்க் இரண்டு பக்கமும் பஞ்சு மாதிரி காய்ந்திருந்தால் விடலாம். லேசாகக் கசிந்தாலும் மாற்று. போட்டோ எடுத்துப் போடச் சொல்.

பாலு அண்ணன், காலை 8:28
மாமா என் பேச்சை ஒத்துக்கொண்ட நாள். குறித்து வையுங்கள்

ராஜா சித்தப்பா, காலை 9:05
டென்ஷனர் கட்டாயம் மாற்று கார்த்தி.

கார்த்தி, காலை 9:06
கிட்டிலேயே வருகிறது சித்தப்பா. ஆனால் அது நன்றாக இருக்கிறது, பெல்ட் மட்டும் தனியாக 3,000-க்குக் கிடைக்கும், 3,500 மிச்சம் என்றும் சொன்னார்.

ராஜா சித்தப்பா, காலை 9:14
என்னிடமும் அப்படித்தான் சொன்னார்கள். 2009-ல். பெல்ட் மட்டும் மாற்றினேன். டென்ஷனரைக் கையில் சுற்றிக் காட்டினார்கள், நன்றாகத்தான் சுற்றியது. நாலு மாதம்தான். பிரியா கல்யாணத்தன்று காலை நாலே முக்காலுக்கு ஒட்டன்சத்திரம் தாண்டி வண்டி நின்றது. டென்ஷனர் பேரிங் இறுகி, புதுப் பெல்ட்டைத் தின்றுவிட்டது. எட்டு வால்வு வளைந்தது.

பிரியா அக்கா, காலை 9:16
சித்தப்பா

ராஜா சித்தப்பா, காலை 9:17
முகூர்த்தம் ஆறரை. ஏழு பேருக்குப் போன் அடித்தேன். மேளச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை.

வசந்தி அத்தை, காலை 9:18
இந்தச் செய்தி நீக்கப்பட்டது

அப்பா, காலை 9:31
வண்டி நின்றதாக நீ சொன்னாய். கிணற்றுப் பங்கு விஷயத்தை மனதில் வைத்துக்கொண்டு வரவில்லை என்றுதான் நான் நினைத்தேன்.

ராஜா சித்தப்பா, காலை 9:32
தெரியும் அண்ணா

அம்மா, காலை 9:33
தம்பி இப்போது எதற்கு அதெல்லாம். நல்ல காரியம் நடக்கப் போகிறது

பாலு அண்ணன், காலை 9:40
சரி, டென்ஷனர் மாற்றுவதில் இனி யாருக்கும் மறுப்பு இல்லை

சுந்தரம் மாமா, காலை 9:52
ராஜா சொன்னதுதான் விஷயம். நாலு மாதம் சுற்றினது அஞ்சாவது மாதம் நின்றது, பார். பழைய பேரிங் புதுப் பெல்ட்டின் இறுக்கத்தைத் தாங்க வேண்டும், கையில் சுற்றிப் பார்த்தால் அது தெரியாது. கிட்டாகவே வாங்கு. கேட்ஸ், காண்டினென்டல் எந்தக் கம்பெனியானாலும் சரி, பெட்டி பிரிக்காமல் வர வேண்டும். பெல்ட்டை மடக்கியோ முறுக்கியோ வைத்திருந்தால் வாங்காதே, உள்ளே நூல் உடையும். கிராங்க் போல்ட் புதுசு போடு, அது இறுக்கும்போதே நீண்டுவிடும், ஒருமுறைக்குத்தான். கேமும் கிராங்கும் நகராமல் பிடித்து வைக்கிற லாக் பின் வைத்திருக்கிறாரா என்று கேள். கேமுக்கு ஒன்று, கிராங்குக்கு ஒன்று. பெயின்டில் கோடு போட்டு வேலை செய்கிறவர் என்றால் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடு. மாட்டிய பிறகு சாவி போடுவதற்கு முன், ஸ்பேனரால் இன்ஜினைக் கையில் இரண்டு முழுச் சுற்று சுற்றி, லாக் பின் மறுபடி அதன் துளையில் உட்காருகிறதா என்று பார்க்க வேண்டும். நீ பக்கத்தில் நில்.

பிரியா அக்கா, காலை 9:55
மாமா, இதைக் குரல் செய்தியாகப் போட்டிருக்கலாம்

வசந்தி அத்தை, காலை 9:56
வேண்டாம் தாயே, அது இன்னும் நீளம்

கார்த்தி, காலை 10:10
லாக் பின் இருக்கிறது, காட்டினார். ஃபேன் பெல்ட்?

பாலு அண்ணன், காலை 10:11
அது வெளியே இருப்பது. எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம்

சுந்தரம் மாமா, காலை 10:15
எப்படியும் கழற்றித்தான் உள்ளே போக வேண்டும். அதற்குத் தனி லேபர் இல்லை. அது பிய்ந்தால் நூல் கிராங்க் புல்லி பின்னால் நுழைந்து டைமிங் பெல்ட்டில் சிக்கும். வெடிப்பு இருக்கிறதா?

கார்த்தி, காலை 10:22
(போட்டோ)
இரண்டு இடத்தில் இருக்கிறது

சுந்தரம் மாமா, காலை 10:23
மாற்று

பாலு அண்ணன், காலை 10:24
சரி, மாற்று. பில் யார் கட்டுவது?

பிரியா அக்கா, காலை 10:24
நானும் கார்த்தியும் பாதிப் பாதி

அப்பா, காலை 10:26
வண்டி என் பேரில் இருக்கிறது. நான் கட்டுகிறேன்.

பிரியா அக்கா, காலை 10:27
அப்பா சும்மா இருங்கள். இது உங்கள் அறுபதுக்கு எங்கள் சீர்

அம்மா, காலை 10:28
சீருக்கு யாராவது பெல்ட் வைப்பார்களா

பாலு அண்ணன், காலை 10:29
நான் கூலன்ட் 1,200 தருகிறேன். அதே வகை போடச் சொல், வேறு நிறத்தோடு கலக்காதே

கார்த்தி, காலை 10:35
கணக்கு அப்புறம் பார்க்கலாம். திங்கள் காலை வேலை ஆரம்பிக்கிறார். நான் அன்று ஆபீஸ் போயே ஆக வேண்டும். யாராவது பக்கத்தில் நிற்க முடியுமா?

சுந்தரம் மாமா, காலை 10:36
எனக்குத் திங்கள் கண் ஆஸ்பத்திரி

ராஜா சித்தப்பா, காலை 10:41
நான் நிற்கிறேன். எட்டு மணிக்கு வந்துவிடுவேன். பழைய பார்ட்ஸ் எல்லாம் கையில் வாங்கிக்கொள்கிறேன்.

அப்பா, காலை 10:50
ராஜா, அப்படியே வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டுப் போ

பிரியா அக்கா, காலை 10:52
சித்தப்பா, திருக்கடையூருக்கு நீங்கள் தனி வண்டி எடுக்க வேண்டாம். டஸ்டரில் அப்பாவோடு வாருங்கள்

ராஜா சித்தப்பா, காலை 10:58
சித்தியைக் கேட்டுச் சொல்கிறேன்

கார்த்தி, காலை 11:20
கிராங்க் சீல் பக்கம் லேசாக ஈரம் தெரிகிற மாதிரி ஒரு போட்டோ அனுப்பியிருக்கிறார். எண்ணெயா தண்ணீரா தெரியவில்லை. சீல் வாங்கச் சொல்லட்டுமா?

கார்த்தி, காலை 11:34
மாமா?

வசந்தி அத்தை, காலை 11:40
குளிக்கிறார்

அம்மா, காலை 11:41
புளியோதரை 50 பேருக்குச் சொல்லிவிட்டேன். நீர்மோர் யார் கொண்டு வருகிறீர்கள்?