புதுப்பிப்பு: பென்சிலைச் சரியா பிடிக்காத பையனும் பழைய பாட்டில் மூடிகளும்

நாலரை வயசுப் பையன் பென்சிலை முஷ்டியா பிடிக்கிறான், வீட்டுப் பழைய பொருள்ல என்ன செஞ்சு கொடுக்கலாம்னு போன மாசம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி.

பாட்டில் மூடி யோசனைதான் ரொம்பக் கைகொடுத்துச்சு. தண்ணி பாட்டில் கழுத்துகளை வெட்டி, ஓரத்தை உப்புத்தாள்ல தேய்ச்சு, செருப்பு டப்பாவுல ஓட்டை போட்டு ஒட்டினேன். அந்தக் கழுத்துல மூடியைத் திருகணும். முதல் நாள் உள்ளங்கையை வெச்சுதான் திருகினான். இப்போ கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூணும் சேர்ந்து மூடியைப் பிடிக்குது. பென்சிலுக்கு வேண்டியதும் அந்த மூணு விரல்தானே!

துணி கிளிப் சரிவரல. ஸ்பிரிங் கடினம், அழுதுட்டான். பழசாகித் தளர்ந்த கிளிப்பா தேடிக் கொடுத்தேன், பரவாயில்ல.

காசிமேட்டு (சென்னை மீன்பிடித் துறைமுகப் பகுதி) ஆயா ஒரு கிழிஞ்ச மீன்வலைத் துண்டு கொடுத்தாங்க. சோப்புப் போட்டு அலசி, அட்டைச் சட்டத்துல இழுத்துக் கட்டினேன். ஷூ லேஸை ஒவ்வொரு கண்ணா விட்டு வாங்குறான். ஆயா பக்கத்துல உக்காந்து, "மேல விடு, கீழ வாங்கு"ன்னு சொல்லிட்டே இருப்பாங்க.

ஒண்ணு முக்கியம்: 3 வயசுக்குக் கீழ குழந்தை இருந்தா மூடி, கடலை எதையும் கீழ விடாதீங்க, தொண்டையில சிக்கிடும். என் சின்னவ தூங்கின பிறகுதான் டப்பாவையே எடுக்கிறேன்.

அடுத்து, உடைஞ்ச சாக்பீஸ் துண்டு கொடுக்கப் போறேன். சின்னத் துண்டை முஷ்டியா பிடிக்க முடியாதுல்ல.