வன்னியில் புறொய்லர் கொட்டில்: கடன் எடுத்துப் போடலாமா?

ஒட்டுசுட்டான் பொடியன்:
எங்கள் பக்கம் ஒரு கம்பனி குஞ்சும் தீனும் தந்து, வளர்ந்த கோழியைத் தானே எடுப்பதாகச் சொல்கிறது. கொட்டில், தண்ணீர், கரண்ட், உழைப்பு எங்களுடையது. சங்கத்தில் நாலைந்து பேர் கடனுக்கு எழுதப் போகிறோம். ஐந்தாறு கிழமையில் இரண்டு கிலோ வரும். நெல்லைப் போல மழைக்கும் குளத்துக்கும் காத்திருக்கத் தேவையில்லை. என்ன சொல்கிறீர்கள்?

நெடுங்கேணி அக்கா:
தம்பி, அவசரப்படாதீர்கள். 1923இல் அமெரிக்காவின் டெலவெயரில் செசில் ஸ்டீல் என்ற பெண் முட்டைக்கென்று 50 குஞ்சு கேட்க, தவறுதலாக 500 வந்து சேர்ந்தது. அவர் அவற்றை வளர்த்து இறைச்சிக்கு விற்றார். இந்தத் தொழில் பெருகியது அப்படித்தான். தீனில் வைட்டமின் டி சேர்த்ததும் வெயில் படாமலே அடைத்து வளர்க்க முடிந்தது. 1948இல் நெஞ்சு பெருத்த கோழிக்குத் தேசியப் போட்டியே வைத்தார்கள். அப்புறம் குஞ்சு, தீன், இறைச்சி எல்லாம் கம்பனிகளின் கைக்குப் போனது. வளர்ப்பவரிடம் மிஞ்சியது கொட்டிலும் கடனும்.

பரந்தன் வாசி:
அதே செசில் ஸ்டீல் 1926இல் 10,000 கோழிக்குக் கொட்டில் போட்டாரே, அதை ஏன் விட்டீர்கள் அக்கா? கனடாவில் 1957ஆம் ஆண்டு இனத்தையும் 2005ஆம் ஆண்டு இனத்தையும் ஒரே தீனில் வளர்த்துப் பார்த்தார்கள். 56 நாளில் பழையது 900 கிராம், புதியது 4.2 கிலோ. வேகமாக வளர்ந்தால் ஒரு கிலோ இறைச்சிக்கு வேண்டிய தீன் குறையும், தீன் குறைந்தால் அதற்கு வேண்டிய காணியும் குறையும். மாட்டிறைச்சியோடு பார்த்தால் சூழலுக்கும் பாரம் குறைவு. ஊர்க்கோழியை மட்டும் நம்பிக் கிளிநொச்சிச் சந்தைக்கு இறைச்சி கொடுக்க ஏலாது. கூலிக்குப் போகிற வீட்டுப் பிள்ளைகளும் இறைச்சி சாப்பிட வேண்டும்.

நெடுங்கேணி அக்கா:
செசில் ஸ்டீல் தன் கோழியைத் தானே விற்றார். இந்த ஒப்பந்தத்தில் கோழி யாருடையது? தீனுக்குச் சோளமும் சோயாவும் வேண்டும். 2021இல் இங்கே இரசாயன உரத்தைத் தடை செய்தார்கள், சோள விளைச்சல் விழுந்தது. 2022இல் டொலர் இல்லை, தீன் விலை ஏறியது. எத்தனை பேர் கொட்டிலைப் பூட்டினார்கள்? 2023இல் இந்தியாவிலிருந்து முட்டை இறக்கினோம். வெளிநாட்டுத் தீனை நம்பி நிற்பதை நிலைத்த தொழில் என்று நான் சொல்லமாட்டேன்.

மாங்குளம் கால்நடை:
நான் பண்ணைகளுக்குப் போய் வருகிறவன். கோழிக்கு வியர்க்காது. வேகமாக வளரும் இனம் சித்திரை வெக்கையில் கரண்ட் போனால் ஒரு பின்னேரத்திலேயே செத்து விழும். அந்த நட்டம் யார் தலையில் என்று ஒப்பந்தத்தில் தேடிப் பாருங்கள். கொட்டிலைக் கிழக்கு மேற்காகப் போடுங்கள், கூரைக்குக் கிடுகு நல்லது. மருந்தைத் தீனில் சும்மா கலக்க விடாதீர்கள். வளர்ச்சிக்காக அன்டிபயோட்டிக் கலப்பதை ஐரோப்பிய ஒன்றியம் 2006இலேயே நிறுத்திவிட்டது.

ஒட்டுசுட்டான் பொடியன்:
சரி அண்ணை, செத்த கோழிக் கணக்கைக் கேட்டுவிட்டுத்தான் கையெழுத்து. சோளத்தை நாங்களே மேட்டுக்காணியில் போட்டு, சொந்தமாகக் கொஞ்சக் கோழி வளர்த்தால்?

பரந்தன் வாசி:
சோளம் போட்டால் யானையும் பன்றியும் விடுமா தம்பி? 2018 கடைசியில் படைப்புழு வந்து தின்றதும் சோளத்தைத்தானே.

நெடுங்கேணி அக்கா:
யானைவேலிக்குச் சங்கமாக நின்று கேட்போம். கடன் எடுக்கத்தான் வேண்டுமென்றால், முதலில் அந்த வேலிக்கு எடுங்கள்.